பத்தொன்பதாம் எண் படிவம்

தேனியில் ஓர் அரசு அலுவலகத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். காலையில் உத்தமபாளையத்தில் பேருந்து ஏறினால் மாலை இருட்டுவதற்கு முன் வீடு திரும்பிவிடுவேன். இடைப்பட்ட நேரமெல்லாம் காகிதம்தான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதால் எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று ஒரு பெயர் இருந்தது. டெல்லி வரைக்கும் போகிற கடிதம் எதுவானாலும் கடைசியில் என் மேசைக்கு வந்துவிடும். அந்தக் கடிதமும் அப்படித்தான் வந்தது.

மின்னஞ்சலில் வந்ததைப் பிரிண்ட் எடுத்தேன். ஒன்பது பக்கம். முதல் எட்டுப் பக்கமும் முகப்புக் கடிதங்கள். டெல்லியில் ஒரு துறை இன்னொரு துறைக்கு எழுதியது, அந்தத் துறை சென்னைக்கு எழுதியது, சென்னையில் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதியது என்று படிப்படியாக இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. எல்லாவற்றின் தலையிலும் ‘மிக அவசரம்’. ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி. ஒரு வெளிநாட்டு அரசு, எந்தெந்த நாட்டில் ஆள் கடத்தல் நடக்கிறது என்று வருடா வருடம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதில் நம் நாட்டைப் பற்றி எழுதிய பகுதியிலிருந்து எடுத்த பத்தி அது. தமிழகத்தின் மலையடிவார மாவட்டங்களில் இளம்பெண்களை ஏஜென்டுகள் நூற்பாலைகளுக்கு அழைத்துப் போகிறார்கள், விடுதியில் தங்கவைக்கிறார்கள், வெளியே விடுவதில்லை, அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை. இவ்வளவுதான். எந்த மாவட்டம், எந்த ஆலை என்று ஒரு வார்த்தை இல்லை. மலையடிவார மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் கடிதம் போயிருக்கிறது. கள ஆய்வு செய்து, தக்க மறுப்புரையை ஐந்து நாளில் அனுப்ப வேண்டும்.

எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர் தேவதானப்பட்டிக்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஏம்மா, போன வருசம் இதுக்கு என்ன அனுப்புனோம்?”

“இன்மை அறிக்கை சார்.”

“அதுக்கு முந்தின வருசம்?”

“அதுவும் இன்மைதான் சார்.”

“இந்த வருசம் வெறுமனே இல்லன்னு சொன்னாப் பத்தாதாம். போய்ப் பாத்துட்டு வந்து இல்லன்னு சொல்லணுமாம்.”

ஆள் கடத்தல் என்ற வார்த்தையைக் கேட்டு அலுவலகத்தில் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது என்றுதான் எங்கள் மனதில் இருந்தது. இங்கே பிள்ளைகள் தாங்களாகவே பெட்டியோடு பேருந்து ஏறிப் போகிறார்கள். ‘பெண்கள் தேவை, தங்குமிடம் உணவு இலவசம்’ என்று பேருந்து நிறுத்தம் தோறும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மூன்று வருடம் வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. ஆண்டிபட்டியிலும் வருசநாட்டுப் பக்கத்திலும் இது ஊரறிந்த விஷயம். தினமும் அந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டேதான் நானும் பேருந்தில் போய் வந்தேன். “அவுக ஊர்ல நடக்காததா? நம்மளச் சொல்ல வந்துட்டாக” என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

அடுத்த நாளே ஒரு குழு அமைத்தார்கள். தலைமைக்கு ஒரு பெண் அதிகாரி. அவருடன் தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர், ஒரு பெண் போலீஸ், வாக்குமூலம் எழுதவும் அதை இங்கிலீஷில் மாற்றவும் நான். எந்த ஆலைக்குப் போகிறோம் என்பதை முதல் நாள் சாயங்காலமே ஆலைக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று.

நேரம் போதாது என்பதால் வாக்குமூலப் படிவத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்துவிடச் சொன்னார்கள். பெயர், வயது, ஊர், சேர்ந்த தேதிக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டேன். மற்றதெல்லாம் நான் எழுதியது. ‘நான் எவருடைய வற்புறுத்தலும் இன்றி என் சொந்த விருப்பத்தின் பேரில் பணிபுரிகிறேன். உணவும் தங்குமிடமும் திருப்திகரமாக உள்ளன. விடுதியிலிருந்து வெளியே செல்லவோ வீட்டிற்குச் செல்லவோ எனக்கு எந்தத் தடையும் இல்லை.’ பார்த்தே இராத பெண்கள் பேசப்போவதை அவர்களுக்கு முன்னால் நான் பேசி முடித்துவிட்டேன். அன்றைக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. படிவம் என்றால் அப்படித்தான். நாற்பது பிரதி எடுத்தேன். கையில் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

ஆலை எந்தச் சாலையில் இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. உள்ளே போனதும் மோர் கொடுத்தார்கள். விடுதியின் தரை அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது. மேலாளர் கூடவே நடந்து வந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். டிவி இருந்தது, குடிதண்ணீர் இயந்திரம் இருந்தது, முதலுதவிப் பெட்டி இருந்தது. “எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைக மாதிரி மேடம்” என்றார். விடுதியைச் சுற்றிச் சுவர், ஒரே கேட்டு, கேட்டில் ஒரு காவலாளி. பெண் பிள்ளைகள் தங்கும் இடம் அப்படி இருப்பதில் எங்கள் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நான் படித்த கல்லூரி விடுதியும் அப்படித்தான் இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு என்னை உட்காரவைத்தார்கள். ஷிப்டு முடிந்த பெண்கள் வரிசையில் வந்தார்கள். எல்லாருமே துவைத்த சுடிதார் போட்டுத் தலை வாரியிருந்தார்கள். என்றாலும் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் பெயர் கேட்பேன், ஊர் கேட்பேன், எழுதுவேன். அவர்கள் கீழே கையெழுத்துப் போடுவார்கள். யாரும் படிவத்தைப் படிக்கவில்லை. படித்துப் பாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

பத்தொன்பதாவதாக வந்தவள் கடமலைக்குண்டுப் பக்கத்துப் பெண். வயது இருபது. ஒல்லி. இடது கையில் ஊதா நிற ரப்பர் வளையல் போட்டிருந்தாள். பெயரும் ஊரும் சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு படிவத்தைப் படிக்க ஆரம்பித்தாள். விரலை வரிக்கு அடியில் வைத்து நிதானமாகப் படித்தாள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேலாளரும் எங்கள் அதிகாரியும் அப்போது அறையின் மறு கோடியில் சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, இதுல ஒரு வரி மட்டும் சரியில்ல.”

“எந்த வரி?”

அவள் விரலை வைத்துக் காட்டினாள். வெளியே செல்லவோ வீட்டிற்குச் செல்லவோ தடை இல்லை என்ற வரி.

“ஏன், வீட்டுக்குப் போகக் கூடாதுங்கறாகளா?”

“கூடாதுன்னு யாரும் சொல்லல. போகலாம்னுதான் சொல்றாக. கேட்டுதான் தொறக்க மாட்டேங்குது.”

அவள் அதை முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னாள். பிறகு, “மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. இத மட்டும் அடிச்சிரலாமாக்கா?” என்று கேட்டாள்.

அரசு அலுவலகத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். எனக்கு வாயில் வந்தது அதுதான். “அடிச்சா அடிச்ச இடத்துல உன் கையெழுத்த வைக்கணும்” என்றேன். அவள் கோணாமல் ஒரே கோடாக அந்த வரியை அடித்தாள். பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். அதற்கும் மேலே, இரண்டு வரிக்கு நடுவிலிருந்த சின்ன இடத்தில், ‘ஏழு மாதமாகக் கேட்கிறேன்’ என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இருபதாவது பெண் வந்து நின்றாள். நான் பெயர் கேட்டேன்.

அன்று மொத்தம் நாற்பத்தோரு படிவம். மறுநாள் அவற்றைக் கண்காணிப்பாளரின் மேசையில் வைத்தேன். பத்தொன்பதாம் எண் படிவத்தை மட்டும் தனியாக எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு மற்றப் படிவங்களை எண்ணிப் பார்த்தார்.

“நாப்பது பேரு சரின்னு சொல்லியிருக்காகள்ல?”

“ஆமா சார்.”

“அப்ப இந்த ஒண்ண எடுத்துட்டு நாப்பதுன்னு அனுப்பிரலாம்னு சொல்றியா?”

நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார் என்று பிறகு புரிந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “வேணாம். நாம எதையும் சேக்கவும் வேணாம், எதையும் எடுக்கவும் வேணாம். அடிச்சது அடிச்ச மாதிரியே போகட்டும். மேல இருக்கவுக பாத்துக்கிடட்டும்.” அது துணிச்சலா, பயமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்தக் காகிதமும் மற்றவற்றோடு சேர்ந்து போனது அவரால்தான்.

மறுப்புரையை நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். குழு ஆய்வு செய்தது, நாற்பத்தோரு பெண்களிடம் வாக்குமூலம் பெறப்பட்டது, அனைவரும் சொந்த விருப்பத்தின் பேரில் பணிபுரிவதாகத் தெரிவித்தனர், எனவே அறிக்கையில் கூறப்பட்டது ஆதாரமற்றது. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பொய் என்று ஒரு வரியைக் கூடக் காட்ட முடியாது. அவளும் சொந்த விருப்பத்தில்தான் வேலை பார்க்கிறாள். அந்த வரியை அவள் அடிக்கவில்லையே. படிவங்களைப் பின்னால் இணைத்து, பத்தொன்பதாம் எண் படிவத்தில் ஒரு வரி வாக்குமூலம் தந்தவரால் அடிக்கப்பட்டுள்ளது என்று அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்தேன். அதிகாரி கையெழுத்திட்டார். ஐந்தாம் நாள் மாலை அனுப்பிவிட்டோம்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் திராட்சை விவசாயி. தோட்டத்துக்குக் கிளம்பும் முன் ஒரு பக்கம் விடாமல் படித்துவிடுவார். உள்பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் செய்தியை வாய்விட்டுப் படித்தார். வெளிநாட்டு அறிக்கையின் குற்றச்சாட்டை அரசு மறுத்திருக்கிறது. மாவட்ட அளவில் ஆய்வு நடத்தப்பட்டது, தொழிலாளர்கள் அனைவரும் சொந்த விருப்பத்தின் பேரில் பணிபுரிவதாகத் தெரிவித்தனர், குற்றச்சாட்டு ஆதாரமற்றது.

“நீ அன்னைக்கு உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தியே, இதானா?”

“எங்களோடது மட்டும் இல்ல. எல்லா மாவட்டத்துலயும் எழுதியிருப்பாக.”

“நல்லாத்தான் எழுதியிருக்க” என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுப்பில் தோசை இருந்தது. திருப்பிப் போட மறந்து நின்றுவிட்டேன். நான் தமிழில் தட்டச்சு செய்த வாக்கியம் இங்கிலீஷாகி, டெல்லி வரைக்கும் போய், மறுபடி தமிழாகி என் வீட்டுக்கே வந்திருக்கிறது. கடமலைக்குண்டுப் பெண் எழுதிய அந்த மூன்று வார்த்தை மட்டும் போகும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது.

நின்றுதான்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுப்புரை போய்ச் சேர்ந்து, செய்தியும் வந்து, எல்லாம் முடிந்த பிறகு, யாரோ ஒருவர் கோப்பை முழுவதுமாகப் படித்திருக்கிறார். எழுத்தரோ அதிகாரியோ, ஆணோ பெண்ணோ எனக்குத் தெரியாது. ‘பத்தொன்பதாம் எண் படிவத்தில் காணப்படும் அடித்தல் குறித்துத் தெளிவுரை அனுப்புக. தேவைப்படின் சம்பந்தப்பட்டவரை நேரில் விசாரிக்கவும்.’ இரண்டே வரி.

கண்காணிப்பாளர் முகம் வெளுத்துவிட்டது. “நாம அங்கன போவமா, அந்தப் பிள்ளைய இங்கன வரச்சொல்வமா?” என்று கேட்டார்.

“இங்கன வரச்சொல்லிரலாம் சார். அங்கன போனா மேலாளரு கூடவே நிப்பாரு.”

ஆலைக்கு எழுதும் கடிதத்தை நான்தான் வரைந்தேன். மேற்படி பணியாளரை விசாரணைக்காக இந்த அலுவலகத்தில் ஆஜர்படுத்தவும் என்று எழுதிவிட்டு, பணியாளரை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அவரது தாயார் முன்னிலையில்’ என்று சேர்த்தேன். அப்படி யாரும் கேட்கவில்லை. விதியிலும் இல்லை. கண்காணிப்பாளர் அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். கடிதத்தின் நகலை அவள் ஊர் கிராம நிர்வாக அலுவலர் மூலமாக அம்மாவுக்கும் அனுப்பிவைத்தேன். பதினாறு வருட வேலையில் நானாக யோசித்துச் செய்தது என்று சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

விசாரணை நாளன்று அந்த அம்மா காலை எட்டரைக்கே வந்து அலுவலக வாசலில் நின்றிருந்தார். முதல் பேருந்தில் கிளம்பி வந்திருக்கிறார். கூலி வேலை பார்க்கிறவர். வலது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். “எம்மக எதுவும் தப்புப் பண்ணிட்டாளா தாயீ?” என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று சொல்லி உட்காரவைத்தேன். அவர் நம்பவில்லை. மடியில் வைத்திருந்த மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பத்தரைக்கு ஆலை வேன் வந்தது. விடுதி வார்டனும் அந்தப் பெண்ணும் இறங்கினார்கள். அம்மா அங்கே இருப்பார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வராந்தாவில் அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பிறகு நேராக வந்து, அந்தக் கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, அம்மாவின் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

“எப்ப ஆபரேசன் பண்ணுன?”

“அது ஆச்சு எட்டு மாசம். அன்னைக்கு உன்னய அனுப்பச் சொல்லிக் கேட்டு ஆளு விட்டேன். லீவு இல்லன்னுட்டாக.”

“அதுக்குத்தான் நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“நானும் ரெண்டு தடவ மில்லுக்கு வந்தேன் ஆத்தா. கேட்டுல நின்னேன். ஷிப்டுல இருக்கா, பாக்க முடியாதுன்னாக.”

“என்னைக்கு வந்த?”

“ஒரு தடவ ஆடி அமாவாசைக்கு மறுநாளு.”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “அன்னைக்கு எனக்கு ஷிப்டு இல்ல. காய்ச்சல்னு ரூம்லதான் படுத்துக் கெடந்தேன்.”

வார்டன் அம்மா வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் எங்கேயோ ஒரு கிராமத்திலிருந்து வந்து சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்தான். அம்மாவும் மகளும் அழவில்லை. நாள்களைக் கணக்குப் பார்ப்பது போல, நீ எப்போது வந்தாய், நான் எப்போது கேட்டேன் என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். எங்கள் கோப்பில் இல்லாத விசாரணை முழுவதும் அந்த வராந்தாவிலேயே நடந்து முடிந்துவிட்டது.

உள்ளே அதிகாரி அதிகம் கேட்கவில்லை. அடித்தது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்டார். படிவத்தில் எழுதியதையே சொன்னாள். “இப்ப உனக்கு என்னம்மா வேணும்?” என்றார் கடைசியில்.

“அம்மாகூட வீட்டுக்குப் போறேன்.”

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. அடைத்து வைக்கப்பட்டிருந்தவளை மீட்டோம் என்று எழுதினால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஒரு மாதம் முன்பு நாங்கள் எழுதியது என்ன ஆவது? எங்கள் வாக்கியத்தின் மேல்தான் மேலே உள்ள எல்லா வாக்கியமும் நிற்கிறது. கடைசியில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘மேற்படி பணியாளர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகித் தாயாருடன் செல்கிறார்.’ அவள் அதையும் விரல் வைத்துப் படித்தாள். இந்த முறை எதையும் அடிக்கவில்லை.

“பெட்டியெல்லாம் ஹாஸ்டல்ல கெடக்கு. வந்து எடுத்துக்கிட்டு, கணக்க முடிச்சிட்டு அப்பிடியே போயிறட்டும்” என்றார் வார்டன்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த கண்காணிப்பாளர் அப்போது பேசினார். “பெட்டிய வேன்ல குடுத்து விடுங்க. பிள்ளை இங்கனயே இருக்கட்டும்.” வார்டன் ஏதோ சொல்ல வந்தார். “இங்கனயே இருக்கட்டும்மா” என்று அதே குரலில் இன்னொரு தடவை சொன்னார். அவர் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வேன் போனது. திரும்பி வர நாலு மணி ஆயிற்று. அதுவரை அம்மாவும் மகளும் எங்கள் பிரிவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். என் டிபன் டப்பாவைப் பிரித்து அவர்களோடு சாப்பிட்டேன். அந்த அம்மா தன் மஞ்சள் பையிலிருந்து மொச்சைச் சுண்டல் எடுத்து எனக்கு வைத்தார். மகளை எங்கோ அடைத்து வைக்கப் போகிறார்கள் என்று பயந்து, அவளுக்குக் கொடுத்துவிடச் செய்து கொண்டு வந்தாராம்.

சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன். “நீ மட்டுந்தான் வீட்டுக்குப் போகணும்னு கேட்டியா?”

“எல்லாரும் கேப்பாக.”

“அன்னைக்கு நாப்பது பேரு அந்த வரிக்கு அடியிலயே கையெழுத்துப் போட்டாகளே?”

“அவுக படிச்சுப் பாக்கலக்கா” என்றாள். குற்றம் சொல்கிற தொனி இல்லை. “கவர்மென்டு பேப்பர்ல என்ன எழுதியிருக்கப் போகுதுன்னு நெனச்சிருப்பாக.”

பெட்டி வந்தது. அதில் அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. கண்காணிப்பாளர் தானே ஆலைக்குத் தொலைபேசியில் பேசிய பிறகு அது மறுநாள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருடம் முடியாததால் அந்த மொத்தத் தொகை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்க எங்கள் கோப்பில் இடம் இருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். சென்னைக்குத் தெளிவுரை போனது. ‘சம்பந்தப்பட்ட பெண் தற்போது தன் தாயாருடன் நலமாக வசித்து வருகிறார். புகார் ஏதுமில்லை.’ கோப்பு முடிந்தது. உரிய காலத்தில் பதில் அனுப்பிய அலுவலகம் என்று ஆய்வுக் கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மறுவருடமும் அந்தக் கடிதம் வந்தது. வெளிநாட்டு அறிக்கையில் பத்தி கொஞ்சம் மாறியிருந்தது. அரசு மறுத்திருக்கிறது என்று ஒரு வரி கூடியிருந்தது. மறுபடி குழு, மறுபடி அதே ஆலை, மறுபடி படிவம் தட்டச்சு செய்ய நான். இந்த முறை தடை இல்லை என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், ‘கடைசியாக வீட்டிற்குச் சென்ற தேதி’, ‘கடைசியாக வெளியே சென்ற தேதி’ என்று இரண்டு கேள்வி வைத்துப் பக்கத்தில் கோடு போட்டேன். அதிகாரி வேகமாகப் பார்த்துச் சரி என்றார். ஒவ்வொரு பெண்ணிடமும் படிவத்தை நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நேரம் அதிகம் ஆயிற்று. போலீஸ்காரம்மா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். சிலர் தேதி சொன்னார்கள். சிலர் யோசித்துவிட்டு, பொங்கலா தீபாவளியா என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டார்கள். பலருடைய கோட்டுக்கு மேல் எதுவும் எழுத முடியவில்லை. மேலாளர் இந்த முறை நகரவே இல்லை. என் பின்னால் நின்று அந்த வெற்றுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அனுப்பிய படிவங்கள் பத்து நாளில் திரும்பி வந்துவிட்டன. பழைய படிவத்திலேயே பெற்று அனுப்புமாறு ஒரு குறிப்பு. பழைய படிவத்தில் வாங்க வேறொருவரை அனுப்பினார்கள். என்னை அனுப்பச் சொல்லி நான் கேட்கவும் இல்லை, அனுப்பாததற்கு வருத்தப்படவும் இல்லை. சில மாதத்தில் எனக்கு உத்தமபாளையத்துக்கே இடமாறுதல் கிடைத்தது. நானே கேட்டு வாங்கியதா, அவர்களாகக் கொடுத்ததா என்று பலர் கேட்டார்கள். மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அந்த வருடம் ஏன் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் இப்போது ஆண்டிபட்டியில் ஒரு தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். காலையில் போய்ச் சாயங்காலம் பேருந்தில் வீடு திரும்புகிறாள். ஆலையை விட்டு வந்த முதல் ஆறு மாதம் பஞ்சுத் தூசியால் வந்த மூச்சிரைப்பு இருந்தது, இப்போது பரவாயில்லை என்று போனில் சொன்னாள். எப்போதாவது பேசுவாள். அரசாங்கம் வெளிநாட்டுக்கு எழுதிய பதிலைப் பற்றி ஒருமுறை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. “அவுக என்ன எழுதுனா என்னக்கா, அந்த லெட்டர் வரலன்னா எங்கம்மா அன்னைக்கு வந்திருக்காதுல்ல” என்றாள். எந்த லெட்டரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்ததா, சென்னையிலிருந்து வந்ததா, நான் எழுதியதா?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு பேக்கரிக்குப் போயிருந்தேன். வாசலில் அந்த ஆலையின் வேன் நின்றது. வெற்றுக் கோடுகளைப் பார்த்த மேலாளருடைய ஏற்பாடா, நூல் வாங்கும் கம்பெனிக்காரர்கள் கேட்டார்களா தெரியாது, மாதத்தில் இரண்டு ஞாயிறு பிள்ளைகளை வெளியே கூட்டிவருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பதினைந்து பேர் இருப்பார்கள். முட்டை பப்ஸும் ரோஸ்மில்க்கும் வாங்கிக்கொண்டு ஒரே மேசையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருத்தி கடைக்காரரின் போனை வாங்கி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நான் வார்டனைத் தேடினேன். வாசற்படியில் நின்று, உள்ளே பார்த்துத் தலை எண்ணிக்கொண்டிருந்தார். பழைய வார்டன் இல்லை, வேறொருவர். என்னிடம் வாக்குமூலம் கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று முகம் முகமாகப் பார்த்தேன். ஒருத்தியையும் அடையாளம் தெரியவில்லை. போன் பேசியவள் குரலை உயர்த்தி, “கேக்குதாம்மா, கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டிப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.